இஸ்திரி போட்ட பூ

ஒரு பூவுக்கு எத்தனை இதழ் என்று தெரிய வேண்டுமானால் வெளியே போய்ப் பூவைப் பார்க்கலாம். தாவர வகைப்பாட்டு நிலையத்தில் அப்படிப் பார்க்கக் கூடாது என்று விதி ஒன்றும் இல்லை. ஆனாலும் யாரும் பார்ப்பதில்லை. வெளியே வெயில் அடிக்கிறது, உள்ளே ஏ.சி. ஓடுகிறது என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம் கொள்கை சம்பந்தப்பட்டது. அதைப் பிறகு சொல்கிறேன்.

நிலையத்தின் பின்சுவரை ஒட்டி, தெருப்பக்கம், ஓர் இஸ்திரிக் கடை இருந்தது. தகரக் கூரை, ஒரு மேசை, ஒரு மின்சார இஸ்திரிப் பெட்டி, துணி அடுக்க இரண்டு பலகை. கடைக்காரரும் அவர் மனைவியும் மாறி மாறித் தேய்ப்பார்கள். கடைக்காரர் எப்போதும் காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவர் மாதிரிதான் இருப்பார். நின்றே வேலை பார்த்தவர் என்பதால் நாற்காலியில் உட்காரச் சொன்னால், யாரோ தன்னைத் தண்டிக்கப் போகிறார்கள் என்று அவருக்குத் தோன்றும். கை எதையாவது நீவிக்கொண்டே இருக்க வேண்டும். மனைவி நிதானம். அவசரமில்லாமல் தேய்ப்பார், ஆனால் அவர் அடுக்கும் துணிதான் உயரமாக இருக்கும்.

சுவருக்கு உள்ளே நின்ற ஒரு புதர்ச்செடி சுவர் தாண்டி வளர்ந்து அந்தத் தகரக் கூரையை முழுசாக மூடியிருந்தது. என்றைக்கோ ஓர் இயக்குநர் ஆப்பிரிக்காவிலிருந்து கன்றாகக் கொண்டுவந்து நட்டது. வெள்ளைப் பூ. ஐந்து இதழ். லத்தீனில் அதற்கு ஒரு பெயர் இருந்தது. அதைச் சொல்லி முடிப்பதற்குள் ஒரு சட்டையைத் தேய்த்துவிடலாம்.

அந்தச் செடி கூரைக்கு வருவதற்கு முன்னால் ஒரு கோடையில், சூடான பெட்டியைக் கையில் பிடித்தபடியே மனைவி மயங்கி விழுந்தார். மணிக்கட்டில் அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. ரத்த அழுத்தம், இனிமேல் தகரத்துக்குக் கீழே நின்றால் நிழல் இருக்க வேண்டும், இல்லையென்றால் நிற்கவே வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். செடி வந்து கவிந்த பிறகு அவர் விழவில்லை. டாக்டரை விட அந்தச் செடியின் மேல் அவர்களுக்கு மரியாதை அதிகம்.

சுவருக்கு உள்ளே இருந்தவர்களுக்கும் அந்தச் செடியால்தான் பிழைப்பு. முதல் இயக்குநர் அதன் இலைக்கு அடியில் இருந்த மெல்லிய ரோமத்தை வைத்து அந்தப் பேரினத்தைப் பதினோரு இனங்களாகப் பிரித்தார். அடுத்து வந்தவர் அது ரோமம் இல்லை, தூசி என்று நிரூபித்து எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்தார். அதற்கடுத்தவர் தூசியிலேயே ஆறு வகை இருப்பதாகச் சொல்லி மறுபடி பிரித்தார். ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம். அந்த நிலையத்தில் செடி இரண்டுபட்டால் பதவி உயர்வு. ஒவ்வொரு தடவையும் செடியின் காலடியில் இருந்த பெயர்ப்பலகையை மாற்றினார்கள். செடி பாட்டுக்கு வளர்ந்துகொண்டிருந்தது.

இப்போதைய இயக்குநர் வந்ததும் இலையை ஒதுக்கிவிட்டு இதழை வைத்துத் திருத்தி வகைப்படுத்தப் போவதாக அறிவித்தார். அதற்குப் புது மாதிரி வேண்டும். பழைய மாதிரியைக் கரையான் தின்றிருந்தது. கிளையை வெட்டி, இரண்டு பலகைக்கு நடுவே வைத்துத் திருகி, தட்டையாகக் காயவைத்து, தடித்த தாளில் ஒட்ட வேண்டும். அந்தத் திருகுப் பலகை உடைந்து கிடந்தது. புதிது வாங்க ஒரு குழு போட்டிருந்தார்கள். மரப்பலகையா, இரும்புப் பலகையா என்ற கேள்வியில் அந்தக் குழு இரண்டாகப் பிரிந்து, ஒன்றோடொன்று பேசுவதை நிறுத்தியிருந்தது.

ஆகவே மூத்த ஆய்வாளர் அம்மா, கழுத்தில் எந்நேரமும் லென்ஸ் தொங்குவதால் பூதக்கண்ணாடி என்று பெயரெடுத்தவர், ஒரு பூவோடு ஒரு கிளையைச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டு பின்கதவு வழியாக இஸ்திரிக் கடைக்கு வந்தார். இதைக் கொஞ்சம் தேய்த்துக் கொடுக்க முடியுமா என்று கேட்டார். கடைக்காரர் அதுவரை துணியைத் தவிர எதையும் தேய்த்ததில்லை. இருந்தாலும் நிழல் கொடுக்கிற வீட்டு ஆள், மறுக்க மனசு வரவில்லை.

தேய்த்து முடித்துச் செய்தித்தாளைப் பிரித்தபோது ஓர் இதழ் தாளோடு வந்துவிட்டது. ஒரு பல்பொடி விளம்பரத்தின் மேல் அது ஒட்டிக்கொண்டிருந்தது. கடைக்காரர் பதறிப்போய் அப்போதே சொன்னார். பூதக்கண்ணாடி சிரித்துவிட்டு, "இருக்கட்டும்ங்க, செடியில எவ்வளவோ பூ இருக்கே" என்று சொல்லி மீதியை எடுத்துக்கொண்டு போனார்.

இப்போது அந்தக் கொள்கைக்கு வருகிறேன். அந்தத் துறையில் பெயர் செடிக்குச் சொந்தமில்லை, தாளுக்குச் சொந்தம். எந்தத் தாளை வைத்துப் பெயர் வைத்தார்களோ அதுதான் மூலத்தாள். உலகத்தில் உள்ள செடிகள் எல்லாம் அந்தத் தாளைப் போல இருந்தால் அந்தப் பெயர் கிடைக்கும், இல்லையென்றால் கிடைக்காது. கடைக்காரர் தேய்த்துக் கொடுத்தது சிவப்புக் கரை போட்ட உறைக்குள் போய் மூலத்தாள் ஆனது. இயக்குநர் எண்ணிப் பார்த்தார். நான்கு. 'இப்பேரினத்தின் தலையாய அடையாளம் நான்கு இதழ்கள்' என்று ஆய்வறிக்கை வெளியாகி, மூன்று நாட்டு அறிஞர்கள் பாராட்டிக் கடிதமும் போட்டார்கள்.

அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் ஒரு வரி இருந்தது. தோட்டத்தில் இந்தப் பேரினத்துக்கு ஒதுக்கிய பாத்தியில் நான்கு இதழ் இல்லாத செடி எது நின்றாலும் அகற்ற வேண்டும். தோட்டத்தைக் குத்தகைக்கு எடுத்தவர் வந்து எண்ணினார். அந்தப் பாத்தியில் நின்றது ஒரே ஒரு செடி. அதன் தண்டில் அகற்றல் அறிவிப்பை ஒட்டிவிட்டுப் போய்விட்டார்.

கடைக்காரர் சட்டையைப் பாதியில் விட்டுவிட்டு மனுவோடு ஓடினார். வாசலில் இருந்த கண்காணிப்பாளர் அவரை மேலும் கீழும் பார்த்து, "நீங்க பொதுமக்களா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொன்னதுதான் தாமதம், கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போய்விட்டார். பொதுமக்கள் பிரதிநிதி ஒருவர் இல்லாமல் திருத்தக் குழு கூடக் கூடாது என்பது விதி. பழைய பிரதிநிதி வீடு மாற்றிக்கொண்டு போய்விட்டதால் அன்றைய கூட்டம் தொடங்க முடியாமல் தேநீர் ஆறிக்கொண்டிருந்தது. மனு கொடுக்கப் போனவர் மனுவை விசாரிக்கிற குழுவில் ஓர் உறுப்பினராக உட்கார்ந்தார்.

உட்கார்ந்தார் என்றா சொன்னேன், நாற்காலி நுனியில் தொற்றிக்கொண்டிருந்தார். கடையில் பெட்டி சூடாகவே இருக்கிறதோ என்று ஒரு கவலை. மேசை விரிப்பில் சுருக்கம் இருந்தது வேறு அவரைப் படுத்தியது. இயக்குநர் பேசப் பேச, கை தானாக அதை நீவிக்கொண்டே போனது. தன் முறை வந்ததும் எழுந்து, உள்ளதை உள்ளபடி சொன்னார். செடியில் ஐந்து இதழ்தான், தேய்க்கும்போது ஒன்று ஒட்டிக்கொண்டது, அன்றைக்கே அம்மாவிடம் சொன்னேன் என்றார்.

எல்லோரும் பூதக்கண்ணாடியைப் பார்த்தார்கள். அவர் தன் லென்ஸைப் புடவைத் தலைப்பால் துடைத்துவிட்டு, மாதிரியைத் தாளில் ஒட்டும்போது நான்கு இதழ்தான் இருந்தது என்றார். அது பொய் இல்லை.

இயக்குநர் கோபப்படவில்லை. அவர் நல்லவர், யார் மேலும் கோபப்பட மாட்டார்.

"நீங்க சொல்றது உண்மையாவே இருக்கலாம் ஐயா. நான் மறுக்கலை. ஆனா உண்மையை அப்படியே வாசல்ல நின்னு குடுத்தா நாங்க வாங்கிக்க முடியாது. அதுக்கு ஒரு முறை இருக்கு. நீங்க சொல்ற அந்த அஞ்சாவது இதழ் எதுல வெளியாகியிருக்கு?"

"பல்பொடி விளம்பரத்துலங்க."

"அது அங்கீகாரம் பெற்ற வெளியீடு இல்லையே" என்று இயக்குநர் வருத்தத்தோடு சொன்னார். பிறகு குழுவைப் பார்த்துப் பேசினார். "நமக்குச் செடி மேல எந்தப் பகையும் கிடையாது. அது இருக்கவே கூடாதுன்னு நாம சொல்லலை. திருந்த ஒரு வாய்ப்புக் குடுப்போம். அடுத்த தடவை பூக்கும்போது நாலு இதழோட பூத்துதுன்னா தாராளமா ஏத்துக்குவோம். இல்லைன்னா வெட்டித்தான் ஆகணும்."

இவ்வளவு பெருந்தன்மையை அந்த அறை அண்மையில் கண்டதில்லை. எல்லோரும் மேசையைத் தட்டினார்கள். விரிப்பு கடைக்காரர் உட்கார்ந்த இடத்திலிருந்து இயக்குநரின் கோப்பு வரை ஒரு சுருக்கம் இல்லாமல் கிடந்தது.

நடந்ததை மனைவியிடம் சொன்னார். திருந்த வேண்டுமாம், செடி திருந்த வேண்டுமாம் என்று சொல்லிக்கொண்டே கடைக்குள் இங்கும் அங்கும் நடந்தார். மனைவி ஒரு தலையணை உறையைத் தேய்த்து மடித்து வைத்துவிட்டு நிமிர்ந்து செடியைப் பார்த்தார்.

"நாலு இருந்தா விட்டுடுவாங்களா?"

"அப்படித்தான் சொன்னாங்க."

"அஞ்சுல ஒண்ணு போனா நாலுதானேங்க" என்றார் மனைவி.

செடி மொட்டு விட்டதிலிருந்து அவர்களுக்கு அதுவே வேலையாகிவிட்டது. காலையில் கடை திறக்கும் முன் ஸ்டூல் போட்டு ஏறி, விரிந்த பூ ஒவ்வொன்றிலும் ஓர் இதழைக் கிள்ளுவார்கள். பூக்கள் காலையில் மட்டும் விரிந்தால் பரவாயில்லை. மத்தியானமும் விரிந்தன. கடைக்காரர் பாதித் தேய்ப்பில் நிமிர்ந்து பார்ப்பார், ஏதோ ஒன்று வெள்ளையாகத் தெரியும், பெட்டியைப் போட்டுவிட்டு ஓடுவார். அப்படி ஒரு வாடிக்கையாளரின் சட்டைக் கையில் பெட்டியின் உருவம் அப்படியே பதிந்துவிட்டது. கனவிலும் எண்ணினார். சாப்பிடும்போது தட்டில் இருந்ததை எண்ணினார். ஊரார் சட்டைப் பைகளில் இருந்தெல்லாம் வெள்ளை இதழ்கள் விழுந்தன. தங்களுக்கு நிழல் கொடுக்கிற செடியை இப்படி அங்கஹீனம் பண்ணுகிறோமே என்று அவருக்கு உள்ளுக்குள் அறுத்துக்கொண்டே இருந்தது. மனைவி மட்டும் ஒவ்வொரு பூவையும் கிள்ளிவிட்டுத் தடவிக் கொடுப்பார்.

சோதனை நாள் வந்தது. செடி முழுக்க நான்கு இதழ்ப் பூக்கள். குழு ஊர்வலமாக வந்து பின்கதவைத் திறந்தது. வெயில் முகத்தில் அடித்தது. குழு பின்கதவைச் சாத்தியது.

உயிரோடு இருக்கிற செடியை மூலத்தாளோடு ஒப்பிடுவது முறையில்லை, காய்ந்ததைக் காய்ந்ததோடுதான் ஒப்பிட வேண்டும் என்று உள்ளே முடிவானது. கொஞ்ச நேரத்தில் பூதக்கண்ணாடி ஒரு கிளையோடு கடைக்கு வந்தார். திருகுப் பலகை இன்னும் வரவில்லை.

கடைக்காரர் பெட்டியை எடுத்தார். மனைவி பக்கத்தில் நின்று சூட்டைக் குறைக்கச் சொன்னார். பட்டுத் துணிக்கு வைக்கிற சூட்டுக்கும் கீழே வைத்து, பெட்டியின் பாரம் படாமல் தூக்கிப் பிடித்தே தேய்த்தார். தாளைப் பிரித்தார். மறுபடியும் ஓர் இதழ் தாளோடு வந்துவிட்டது.

மூன்று.

அவர் கஞ்சிக் கிண்ணத்துக்குப் பாய்ந்தார், தொட்டு ஒட்டிவிடலாம் என்று. பூதக்கண்ணாடி தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, மாதிரியில் கைவைப்பது மோசடி என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டு நடந்தார்.

கூட்டத்தில் இயக்குநர் அந்தத் தாளை ரொம்ப நேரம் பார்த்தார். எண்ணினார். பக்கத்தில் இருந்தவரை எண்ணச் சொன்னார். பிறகு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். அவர் கண் கலங்கியிருந்தது.

"நாலு இல்லை. அஞ்சும் இல்லை. உலகத்துல எவனும் பார்க்காத ஒண்ணு இத்தனை வருஷமா நம்ம பின்சுவர்ல சாஞ்சு நின்னிருக்கு. இது இனம் இல்லை, புதுப் பேரினம். இதுக்கு என் பேரை வைக்கணும்னு நீங்க எல்லாரும் மனசுக்குள்ள நினைக்கறீங்க, எனக்குத் தெரியுது. வேண்டாம்னு சொல்லத்தான் வாயெடுத்தேன். ஆனா அறிவியல் ஒண்ணை விரும்பும்போது குறுக்க நிக்க நான் யாரு?"

யாரும் குறுக்கே நிற்கவில்லை. கடைக்காரர் மட்டும் எழுந்து, அப்படியானால் செடியை வெட்ட மாட்டீர்கள்தானே என்று கேட்டார். வெட்டுவதா, ஓர் இலையைக் கூட ஒருவரையும் தொட விட மாட்டோம் என்றார் இயக்குநர். கடைக்காரருக்கு நெஞ்சில் இருந்த பாறாங்கல் இறங்கியது. அந்த நிம்மதி அடுத்த வாக்கியம் வரை நீடித்தது. உலகத்திலேயே ஒரே ஒரு செடி என்பதால் சுற்றிக் கம்பிவேலி போட வேண்டும், தெருப்பக்கமும் சேர்த்து. சூடும் ஆவியும் செடிக்கு ஆகாது. ஆகவே இஸ்திரிக் கடை தெருவுக்கு எதிர்ப்பக்கம் போக வேண்டும்.

ஆதரிப்பவர்கள் எழுந்து நிற்கலாம், எதிர்ப்பவர்கள் உட்கார்ந்திருக்கலாம் என்றார் கண்காணிப்பாளர். எல்லோரும் எழுந்தார்கள். கடைக்காரர் ஏற்கனவே நின்றுகொண்டிருந்தார். பொதுமக்களின் முழு ஆதரவோடு தீர்மானம் நிறைவேறியது.

தெருவின் எதிர்ப்பக்கத்தில் நிழல் என்று ஒரு கையளவு கூடக் கிடையாது. தகரம் காலை பத்து மணிக்கே தோசைக்கல் மாதிரி ஆகிவிடும். கடைக்காரர் மனைவியை வேலைக்கு வர வேண்டாம் என்றார். இரண்டு பேர் வேலையை ஒருவர் எப்படிச் செய்வது என்று அவர் வந்துவிட்டார். ஒரு மத்தியானம் பெட்டியை மெதுவாக நிறுத்தி வைத்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்தார். உதடு வெளுத்திருந்தது. கடைக்காரர் ஈரத்துண்டை அவர் தலையில் போட்டு, தேய்த்த சட்டை ஒன்றை எடுத்து விசிறினார். எதிரே, வேலிக்குள்ளே, அந்தச் செடியின் நிழலில் காவல்காரர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். வேலி பயிரை மேய்வது பழைய கதை. இந்த வேலி நிழலை மேய்ந்துவிட்டது. கடைக்காரருக்கு அழுகை வந்தது. அவருக்குக் கோபம் வந்தால் அழுகைதான் வரும்.

"எந்தக் கழுதையாவது கேட்டுதா? உண்மையைச் சொன்னேன், அதையும் கேக்கலை. பொய்யைச் செஞ்சு காட்டினேன், அதையும் பாக்கலை."

"விடுங்க" என்றார் மனைவி. "இனிமே அதைக் கிள்ள வேண்டியதில்லையே. அது ஒண்ணு நிம்மதி."

கிள்ளுவாரில்லாததால் செடி அடுத்த பூப்பில் தன் வழக்கப்படி ஐந்து இதழோடு பூத்துக் குலுங்கியது. காவல்காரரிடம் மூன்று இதழ்ப் பூவின் படம் ஒன்றைக் கொடுத்து, தினமும் ஒப்பிட்டுப் பார்த்து அறிக்கை தரச் சொல்லியிருந்தார்கள். புதிதாகச் சேர்ந்தவர், அதனால் சொன்னதைச் செய்தார். அந்த நிலையத்தில் சம்பளம் வாங்கிக்கொண்டு பூவை நிமிர்ந்து பார்த்த முதல் ஆள் அவர்தான். படத்தில் இருக்கிற பூ வேலிக்குள்ளே இல்லை என்று எழுதிக் கொடுத்தார்.

நிலையம் அலறிப் புடைத்துக்கொண்டு எழுந்தது. காவல்காரரை உட்காரவைத்து விசாரித்தார்கள். பூட்டு உடையவில்லை, வேலி அறுபடவில்லை, செடி ஒன்று அங்கேயே நிற்கிறது, ஆனால் அது படத்தில் இருக்கிற செடி இல்லை என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். திருட்டு இல்லையென்றால் வேறென்ன? அந்தப் பேரினம் இயற்கையாகவே அழிந்துபோய்விட்டது என்று குழு முடிவு செய்தது.

இரங்கல் கூட்டம் நடந்தது. எல்லோரும் எழுந்து மௌனமாக நின்றார்கள். அன்றைக்கு மட்டும் கடைக்காரருக்கு உட்கார வேண்டும் போல இருந்தது.

"ஒரு பேரினத்தைக் கண்டுபிடிக்கற பாக்கியம் சில பேருக்குக் கிடைக்கும்" என்று தழுதழுத்தார் இயக்குநர். "அது அழியறதைப் பதிவு பண்ற பாக்கியம் வேற சில பேருக்குக் கிடைக்கும். ரெண்டும் ஒரே ஆளுக்கு, ஒரே வருஷத்துல கிடைச்சதில்லை. நான் அந்தச் செடியை நேர்ல பார்த்ததில்லை. அந்தக் குறை என்னோட போகட்டும்."

இரண்டு ஆய்வறிக்கைகளுக்கும் சேர்த்து அவரைத் தலைமையகத்துக்கு உயர்த்தினார்கள். காவலுக்குப் பொருள் இல்லாததால் காவல்காரரை வேறு இடத்துக்கு மாற்றினார்கள், வேலியைச் சுருட்டிக் கிடங்கில் போட்டார்கள். மிச்சம் நின்ற அந்தச் செடியை என்ன செய்வது என்று கண்காணிப்பாளர் கொஞ்சம் யோசித்தார். வெட்ட ஆணை போடலாம். ஆணையில் செடியின் பெயர் எழுத வேண்டும். நான்கு இதழ்ப் பேரினத்திலிருந்து அதை நீக்கியாகிவிட்டது. மூன்று இதழ்ப் பேரினம் அழிந்துவிட்டது. பெயர் வைக்க வேண்டுமானால் குழு கூட வேண்டும், குழுவுக்கு மாதிரி வேண்டும், மாதிரிக்குத் திருகுப் பலகை வேண்டும். அவர் கோப்பை மூடி வைத்துவிட்டுச் சாப்பிடப் போனார்.

கடைக்காரரும் மனைவியும் யாரையும் கேட்காமல் தகரத்தையும் மேசையையும் பழைய இடத்துக்கே தள்ளிக்கொண்டு வந்தார்கள். பிரதிநிதியாக இனி வர முடியாது என்று கடைக்காரர் கண்காணிப்பாளரிடம் சொல்லிவிட்டார். மனைவி மறுபடி மத்தியானத்திலும் நின்று தேய்த்தார். வாடிக்கையாளர் யாராவது நிமிர்ந்து பார்த்து, நல்லா இருக்கே, இது என்ன செடி என்று கேட்டால், சும்மா செடிங்க என்று சொல்லிப் பேச்சை மாற்றிவிடுவார்.

ஒரு நாள் பின்கதவு திறந்தது. பூதக்கண்ணாடி கையில் செய்தித்தாள் பொதியோடு வந்து நின்றார். புது இயக்குநர் வந்திருக்கிறாராம். அந்தப் பேரினத்தை மறுபடி முதலிலிருந்து திருத்தப் போகிறாராம்.

"ஒரே ஒரு கிளைதான். கொஞ்சம் தேய்ச்சுக் குடுத்துடுங்களேன்."

கடைக்காரருக்கு உள்ளங்கால் வரை பரபரத்தது. வாயைத் திறந்தால் என்ன வருமோ என்று கையில் கிடைத்த துண்டை நீவத் தொடங்கினார். மனைவி அவர் கையைத் தொட்டு நிறுத்தினார். மேசையில் நனைத்து விரித்த வேட்டியின் மேல் பெட்டி நின்றுகொண்டிருந்தது. அதிலிருந்து ஆவி குப்பென்று மூவர் முகத்துக்கும் நடுவே எழும்பியது.

"பெட்டி ரிப்பேருங்க" என்றார் மனைவி.

பூதக்கண்ணாடி ஆவியைக் கையால் விலக்கிக்கொண்டு, லென்ஸைத் தூக்கி முதுகுப்பக்கம் போட்டுக்கொண்டு, கைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். 'இஸ்திரிப் பெட்டி பழுது' என்று எழுதினார். எப்போது சரியாகும் என்று கேட்டார். சொல்ல முடியாது, உதிரிப் பாகம் கிடைக்கவில்லை என்றார் மனைவி. அதையும் எழுதிக்கொண்டு, நன்றி சொல்லி, தலைக்கு மேலே ஐந்து இதழோடு ஆடிய அத்தனை பூக்களுக்கும் கீழே குனிந்து, கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போனார்.

வேட்டியின் மேல் ஒரு பூ விழுந்தது. மனைவி அதை ஊதித் தள்ளிவிட்டு, பெட்டியை எடுத்துத் தேய்க்க ஆரம்பித்தார். கடைக்காரர் துணி மூட்டையை இழுத்துப் போட்டு, அதன் மேல் உட்கார்ந்தார்.